பத்திரம் கையில், உரிமை எங்கே?

சாத்தூர் வட்டத்தில் உள்ள ஒரு கரிசல் காட்டின் பழைய பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால், நிலம் இடம் மாறிக்கொண்டே இருந்ததோ என்ற ஐயம் வரும். 1908-ஆம் ஆண்டுப் பத்திரம் 'திருநெல்வேலி ஜில்லா, சாத்தூர் தாலுகா' என்று தொடங்கும். 1946-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அதே காடு 'இராமநாதபுரம் ஜில்லா'வில் இருக்கும். 1991-இல் 'காமராஜர் மாவட்டம்'. 2019-இல் 'விருதுநகர் மாவட்டம்'.

நிலம் எங்கும் போகவில்லை. நிர்வாக எல்லைதான் மாறியது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது, அதுவரை திருநெல்வேலியில் இருந்த சாத்தூர் அதனுடன் சேர்ந்தது. 1985 மார்ச் 15 அன்று இராமநாதபுரத்திலிருந்து காமராஜர் மாவட்டம் பிரிந்தது. 1997-இல் அது விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. நான்கு பெயர்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே மண்தான் என்று பத்திரங்களைத் தொடர்ச்சியாகப் படிப்பவருக்குத்தான் தெரியும். சொத்துரிமையும் அப்படித்தான். அது எந்த ஒரு தாளிலும் முழுமையாக இருப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஆவணங்களின் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு இது ஏன் தெரிய வேண்டும்? நம்மில் பலர் வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கும் ஒரே பெரிய பொருள் வீட்டுமனை. அதோடு, ஊரில் ஒரு பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்றால் பெற்றோர் தேடி வருவது பெரும்பாலும் 'சார் வீட்டுக்கு' அல்லது 'டீச்சர் வீட்டுக்கு'. அப்போது என்ன சொல்ல வேண்டும், எங்கே நிறுத்திக்கொண்டு வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.

ஒரு காடு, நான்கு ஆவணங்கள்

விளக்கத்துக்காக ஒரு நிலத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1908-இல் ஒருவர் 4 ஏக்கர் புஞ்சையைக் கிரையம் வாங்குகிறார். 1946-இல் அதில் 2 ஏக்கரை வேறொருவருக்கு விற்கிறார். இந்த இரண்டாமவர் தம் சொந்த உழைப்பில் வாங்கியவர். 1991-இல் தீப்பெட்டி ஆபீஸ் கட்டுவதற்காக ஒருவருக்கு 50 செண்ட் விற்கிறார். மிச்சம் 1 ஏக்கர் 50 செண்ட். 1999-இல் அவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவர்: இரண்டு மகன்கள், ஒரு மகள்.

மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறார். இளைய மகன் வேலை தேடி வெளியூர் போய்விட்டார். ஊரில் இருக்கும் மூத்தவர்தான் தீர்வை கட்டுகிறார். பட்டாவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். 2019-இல் அந்த 1 ஏக்கர் 50 செண்டையும் ஓர் ஆசிரியருக்கு விற்கிறார். வில்லங்கச் சான்றில் எந்தச் சிக்கலும் இல்லை. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், புகைப்படம், கைரேகை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் முறையாக முடிந்து பத்திரம் பதிவாகிறது.

ஆசிரியர் எவ்வளவு நிலத்துக்கு உரிமையாளர் ஆனார்? விடை சொல்வதற்கு முன், அவர் நம்பிய ஒவ்வொரு தாளும் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பத்திரம்: உரிமை கைமாறும் கருவி

உரிமை என்பது ஒரு நிலத்தை அனுபவிக்கவும், விற்கவும், அடகு வைக்கவும், தானமாகக் கொடுக்கவும், பிறரைத் தடுக்கவும் சட்டம் ஒருவருக்குத் தரும் அதிகாரம். பழைய பத்திர எழுத்தர்கள் இதைத்தான் 'சர்வ சுதந்திர பாத்தியதை' என்று எழுதினார்கள். பத்திரம் அந்த உரிமையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றும் கருவி. கருவி சரியாக இருந்தாலும், கொடுப்பவரிடம் இல்லாததை அது கொடுக்காது. சொத்துச் சட்டத்தின் அடித்தளமே இதுதான்: தன்னிடம் உள்ளதற்கு மேல் ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது.

நாம் அடிக்கடி சந்திக்கும் பத்திரங்கள் இவை:

கிரையப் பத்திரம் என்பது விலைக்கு விற்பது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 54-ஆம் பிரிவின்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே விற்க முடியும்.

கிரைய ஒப்பந்தம், அதாவது 'அக்ரிமென்ட்', விற்பனை அன்று. பின்னால் விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்பாடு. முன்பணம் முழுவதையும் கொடுத்திருந்தாலும் அதனால் மட்டும் நிலம் நமதாகிவிடாது என்று அதே 54-ஆம் பிரிவு சொல்கிறது.

தானப் பத்திரம் விலை பெறாமல் கொடுப்பது. அது பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பெறுபவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். குடும்பத்துக்குள் எழுதுவதைத் தான செட்டில்மென்ட் என்கிறோம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் கூட்டாக உள்ள சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வது. விடுதலைப் பத்திரம் ஒரு பங்குதாரர் தம் பங்கை மற்றப் பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது.

உயில் எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வருவது. அதைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

பொது அதிகாரப் பத்திரம், ஊர் வழக்கில் 'பவர்', ஒருவர் தம் சார்பில் செயல்பட இன்னொருவரை நியமிப்பது. 'பவர்' வாங்கியவர் உரிமையாளர் அல்லர். பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும். 'பவர்' பத்திரம், ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டு அதையே விற்பனை என்று சொல்லும் பழக்கம் நாடு முழுவதும் இருந்தது. அப்படிச் செய்வதால் உரிமை மாறாது என்று 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இந்த வேறுபாடுகள் தெரிந்தால், 'பத்திரம் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னதும் 'எந்தப் பத்திரம்?' என்று கேட்கத் தோன்றும்.

பதிவு: அரசின் முத்திரை எதற்குச் சான்று?

பதிவுச் சட்டம், 1908-இன்படி கிரையம், தானம் போன்ற பத்திரங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும். எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வசூலிக்கப்படுகின்றன. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு.

இவ்வளவு பணமும் கொடுத்து, அரசு அலுவலகத்தில் அரசு முத்திரையோடு பதிவான பிறகு, உரிமைக்கு அரசே பொறுப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சார்பதிவாளர் பார்ப்பது, பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் நேரில் வந்தாரா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா, ஆளடையாளம் சரியா, தீர்வை சரியா என்பவற்றை. அரசு நிலம், கோயில் நிலம் போன்றவற்றின் பத்திரங்களை மறுக்கவும் தமிழ்நாட்டுத் திருத்தங்கள் அவருக்கு அதிகாரம் தருகின்றன. ஆனால் விற்பவர்தான் உண்மையான உரிமையாளரா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அன்று. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இது உறுதியாகியுள்ளது. விற்பவர் தம் உரிமைக்கான மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டிருந்தது. அதன் முதல் உட்பிரிவு 1908-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்பதே அதற்கான காரணம். பத்திரத்தால் உரிமை மாறுகிறதென்றால், எழுதிக்கொடுத்தவருக்கு இருக்கும் உரிமை மட்டுமே மாறும். அவருக்கு ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் மாறாது. பதிவுக்கு எந்தெந்தத் தாள்களைக் கொண்டுபோக வேண்டும் என்ற நடைமுறை அவ்வப்போது மாறலாம். அதை முன்கூட்டியே சார்பதிவகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவருடையது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே உறுதி தருகிறது. மலேசியாவில் 1965-ஆம் ஆண்டு நிலச் சட்டம் அந்த வழியைப் பின்பற்றுகிறது. இலங்கையில் பத்திரத்தைத் தமிழர்கள் 'உறுதி' என்றே அழைக்கிறார்கள். அங்கும் நெடுங்காலமாக நடப்பது பத்திரப் பதிவுதான். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே உரிமைப் பதிவு முறை படிப்படியாக வருகிறது. நம் நாட்டில் பதிவாவது பத்திரம்; உரிமை அன்று.

பட்டா: வருவாய்த் துறையின் கணக்கு

அடுத்த நம்பிக்கை பட்டாவில். பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புலப்படம் இவையெல்லாம் வருவாய்த் துறையின் ஆவணங்கள். எந்தப் புல எண்ணில் எவ்வளவு நிலம், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு, யாரிடம் வசூலிப்பது, என்ன பயிர் என்பவற்றை அவை காட்டும். நிலத்தின் வடிவத்தையும் அளவையும் புலப்படம் காட்டும். நகரப் பகுதியில் நகர நில அளவைப் பதிவேடு உண்டு.

இவை மிக முக்கியமான சான்றுகள். நிலம் தனியார் நிலமா புறம்போக்கா, எவ்வளவு பரப்பு, யார் அனுபவம் என்று அறிய இவையே வழி. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் உரிமை உண்டாவதும் இல்லை, பெயர் விட்டுப்போவதால் உரிமை அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. 1980-களில் தமிழ்நாடு முழுவதும் நிலவரித் திட்டப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது, சில இடங்களில் பெயர்களும் பரப்பும் தவறாக ஏறின. இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் அதற்கான திருத்த மனுக்கள் வந்தபடி இருக்கின்றன. பதிவேட்டில் பிழை இருக்கலாம், திருத்தலாம் என்பதே அது உரிமையின் இறுதிச் சான்று அல்ல என்பதைக் காட்டுகிறது.

நம் பக்கம் இன்னொன்றும் உண்டு. தாத்தா இறந்து 30, 40 ஆண்டுகள் ஆன பின்னும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். பேரப்பிள்ளைகள் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் போய்விட, மானாவாரிக் காட்டில் சீமைக் கருவேலம் மண்டியிருக்கும். நிலத்துக்கு விலை ஏறும் நாளில்தான் வாரிசுகள் எத்தனை பேர் என்ற கணக்குத் தொடங்கும்.

வில்லங்கச் சான்று காட்டுவதும் காட்டாததும்

குறிப்பிட்ட காலத்தில் ஒரு சொத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்களின் பட்டியலே வில்லங்கச் சான்று. 1975 முதலான பதிவுகளை இணையவழியில் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும். சார்பதிவக எல்லைகளும் மாறியிருக்கக்கூடும் என்பதால், அந்தக் காலத்தில் நம் ஊர் எந்த அலுவலகத்தின்கீழ் இருந்தது என்று கேட்டுத் தேடுவது நல்லது.

அந்தச் சான்று, பதிவானதை மட்டுமே காட்டும். இறப்பு பதிவகத்தின் பத்திரம் அன்று; ஆகவே ஒருவர் இறந்து அவர் சொத்து வாரிசுகளுக்குப் போனது அதில் வராது. பதிவு செய்யாத உயில் வராது. வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை வராது. நிலுவையில் உள்ள வழக்கு அதில் இல்லாமல் போகலாம். வாடகைக்கோ குத்தகைக்கோ இருப்பவரின் அனுபவம் தெரியாது. 'வில்லங்கம் இல்லை' என்றால் 'பதிவான வில்லங்கம் இல்லை' என்பதே பொருள்.

ஆசிரியருக்குக் கிடைத்தது எவ்வளவு?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1999-இல் தந்தை உயில் எழுதாமல் இறந்தபோது, அவர் இந்துக் குடும்பத்தவர் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி அவருடைய சொந்தச் சொத்து மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியது. மகளுக்குத் திருமணம் ஆனதோ சீர்வரிசை செய்ததோ இதை மாற்றாது. ஆளுக்கு 50 செண்ட். பட்டா மாறுதல் மூத்தவரின் பங்கைக் கூட்டவில்லை. அவரிடம் 50 செண்டுக்குத்தான் உரிமை இருந்தது. அவ்வளவைத்தான் அவரால் விற்க முடிந்தது.

1 ஏக்கர் 50 செண்டுக்குப் பணம் கொடுத்த ஆசிரியர், மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உரிமையாளர். அந்தப் பங்கும் காட்டின் எந்த மூலை என்று பிரிக்கப்படாதது. தங்கையும் தம்பியும் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தால் நீதிமன்றம் அவர்கள் பங்கை ஒதுக்கும். ஆசிரியர் மூத்தவர்மீது நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். பணம் அவரிடம் மிச்சம் இருக்க வேண்டும்.

இங்கே யாரும் கள்ளக் கையெழுத்துப் போடவில்லை. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் அதனதன் அளவில் உண்மையானவை. கேட்க வேண்டிய ஒரே கேள்வி கேட்கப்படவில்லை: 1991-இல் உரிமையாளராக இருந்தவரிடமிருந்து 2019-இல் விற்றவருக்கு இந்த நிலம் எப்படி வந்தது? அந்த இடைவெளியை நிரப்ப இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும், மற்ற இருவரும் சேர்ந்து போடும் கையெழுத்தோ விடுதலைப் பத்திரமோ வேண்டும். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கண்ணியும் இப்படி இணைய வேண்டும்.

மூலத்தைத் தேடும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கை நாம் வகுப்பில் சொல்லியிருப்போம். படி ஓலை கிழிக்கப்பட்டதும், மூல ஓலையைக் காட்டச் சொல்லி, அதன் கையெழுத்தைப் பாட்டனாரின் வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே திருவெண்ணெய்நல்லூர் அவையோர் தீர்ப்புச் சொல்கிறார்கள். வழக்கு வேறு, சரிபார்க்கும் முறை இன்றும் அதுவே.

பெண் பிள்ளைகள், சிறு பிள்ளைகள்

நம் எடுத்துக்காட்டில் இருந்தது தந்தையின் சொந்தச் சொத்து. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வரும்படி சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மகன்களுக்கு நிகரான பிறப்புரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைத் தந்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை இது பாதிக்காது. கிறித்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-உம், இசுலாமியர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டமும் பொருந்தும்.

'ஒரு கையெழுத்துதானே' என்று பெண்களிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. அந்தக் கையெழுத்தின் பெயர் உரிமையை விடுவது. விட மனம் இருந்தால் விடலாம். என்ன விடுகிறோம் என்று படித்துத் தெரிந்து விட வேண்டும். பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மென்டும் அப்படித்தான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் கவனிக்கத் தவறினால், பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். எனவே அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது பாதுகாப்பு.

நம் வகுப்பறைகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய இழப்புக்குப் பின் குடும்பங்கள் வாரிசுச் சான்றுக்கு அலையும் வேளையில், வீடு, காடு பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். சிறுவரின் சொந்தப் பங்கை, தாயே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று 1956-ஆம் ஆண்டு இந்துச் சிறுவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி விற்கப்பட்டிருந்தால், பிள்ளை 18 வயது நிரம்பி 3 ஆண்டுகளுக்குள் அதை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம். பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பப் பங்குக்கு விதி வேறு என்பதால், இத்தகைய நேரத்தில் சட்ட ஆலோசனை கட்டாயம்.

ஆலோசனைக்குப் பணம் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நம் மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. தேசியச் சட்ட உதவி எண் 15100. இந்த எண் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று கேளுங்கள். குறைந்தது 30 ஆண்டுக்கான மூலப்பத்திரங்களை வரிசைப்படுத்துங்கள். இடையில் ஓர் இறப்பு வந்தால் எல்லா வாரிசுகளும் எங்கே என்று பாருங்கள்.

2. மூலப்பத்திரத்தின் அசலைப் பாருங்கள். நகல் மட்டும் இருந்தால் அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

3. வில்லங்கச் சான்றை நீங்களே விண்ணப்பித்து எடுங்கள். விற்பவர் தரும் நகல் போதாது.

4. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் வேறுபட்டால் இரண்டும் ஒரே நிலம்தானா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் நில அளவரிடமும் உறுதி செய்யுங்கள்.

5. இடத்துக்கு நேரில் செல்லுங்கள். யார் அனுபவத்தில் இருக்கிறது, பாதை உண்டா, நான்கு எல்லையும் பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேளுங்கள். 12 ஆண்டுகள் எதிர் அனுபவத்தில் வைத்திருப்பவர் உரிமை கோரும் நிலையும் வரலாம்.

6. மனை என்றால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்கே 2017-ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டம் பொருந்தும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு, கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

7. வழக்கறிஞரிடம் உரிமை குறித்த கருத்துரையை எழுத்தில் பெறுங்கள். நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு சிறிது.

8. அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன் 7-ஆம் விதியை மறக்க வேண்டாம். அசையாச் சொத்து வாங்கினாலும் விற்றாலும் உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

இந்தப் பொருளைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. கணக்கு வகுப்பில் அளவு மாற்றம் வரும்போது ஒரு மாதிரிப் பட்டாவை வரைந்து கொடுக்கலாம். ஊர்ப்பேச்சில் குறுக்கம், பத்திரத்தில் ஏக்கர், செண்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று ஒரே நிலம் பல அளவுகளில் வரும். 1 ஏக்கர் 100 செண்ட். 1 செண்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 செண்ட். நம் எடுத்துக்காட்டில் உள்ள 1 ஏக்கர் 50 செண்ட் பட்டாவில் எத்தனை ஏர்ஸ் என்று மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும். ஏறத்தாழ 60.7 வரும்.

சமூக அறிவியலில் சாத்தூரின் நான்கு மாவட்டப் பெயர்களைக் கொண்டு மாவட்டப் பிரிவினை வரலாற்றைச் சொல்லலாம். தமிழ் வகுப்பில் ஜில்லா, தாலுகா, செக்குபந்தி, பாத்தியதை, கிரையம், ஒத்தி போன்ற சொற்களுக்குப் பொருள் தேடச் சொல்லலாம். பாகம் பிரிக்கும் கணக்கைப் பின்னப் பாடத்தில் வைக்கலாம். அதில் மகளையும் ஒரு பங்காக எண்ணச் சொல்வது மறவாமல் இருக்கட்டும். மாதிரி ஆவணங்களையே பயன்படுத்துங்கள். வீட்டுப் பத்திரத்தையோ அதன் நகலையோ பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அது குடும்பத்தின் தனிச் செய்தி.

பத்தாம் வகுப்பை முடித்துச் செல்லும் பெண், நாளை ஒரு விடுதலைப் பத்திரத்தின் முன் அமரும்போது, கையெழுத்திடுமுன் அதைப் படித்துப் பார்த்து, 'இதில் என் பங்கு எவ்வளவு?' என்று கேட்பாளேயானால், நாம் கற்பித்த வாசிப்பு அவளுக்குப் பயன்பட்டதாக வைத்துக்கொள்ளலாம்.